கத்தியின் பதம்

போர்வீரன் இடுப்பில் கத்தி எதற்கு என்று கேட்டால், எதிரியைக் குத்துவதற்கு என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சினிமாவில் வேண்டுமானால் அப்படி. நிஜத்தில் அது தகர டப்பாவைத் திறக்கும், மரப் பெட்டியை நெம்பும், கூடார முளை சீவும், விறகு பிளக்கும். இத்தனைக்கும் ஈடு கொடுக்க வேண்டுமானால், கூர் மட்டும் போதுமா? ஒடியவும் கூடாது. நடுக்காட்டில் கத்தி ஒடிந்தால் மாற்றுக் கத்திக்கு எங்கே போவது?

வம்பே இங்கேதான். உருக்கைச் செக்கச் செவேலென்று ஏறக்குறைய 800 டிகிரி சென்டிகிரேடுக்குக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் கடினமாகிவிடும். உள்ளே இருக்கும் கரி, விலகிப் போக அவகாசமின்றிச் சிக்கிக் கொள்வதால் வருகிற கடினம் அது. கூர் அருமையாக நிற்கும். ஆனால் கல்லில் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்தாலும் உடையும்! ஆகவே மறுபடி 200 டிகிரிக்குச் சற்று மேலே வாட்டுகிறார்கள். தேய்த்த உருக்கில் வைக்கோல் நிறம் தோன்றினால் கத்திக்குப் பதம். நீலம் பாரித்தால் ஸ்பிரிங்குக்குப் பதம். கடினத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுத்து, உறுதியில் கொஞ்சம் வாங்கிக் கொள்கிற பேரம்.

அமெரிக்க மெரீன் படை 1942-ல் ஏற்றுக் கொண்ட 7 அங்குலக் கத்தியைக் 'கா-பார்' என்பார்கள். இன்று அந்தப் பெயரில் வருவது, சுமார் 0.95 சதவிகிதம் கரி உள்ள உருக்கு. கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58. வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, எவ்வளவு ஆழம் பதிகிறது என்று பார்க்கும் கணக்கு அது. நல்ல கத்திதான், துரு பிடிக்கிற துர்க்குணம் ஒன்று உண்டு. அதற்காகவே அலகுக்குக் கறுப்புப் பூச்சு.

"துருவேறாத எஃகு இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. 440-சி என்ற ரகத்தில் கரி சுமார் 1 சதவிகிதம், குரோமியம் 17. கூரும் நிற்கும். ஆனால் குரோமியமும் கரியும் கைகோத்து உள்ளே கெட்டிக் கெட்டியாகத் திரண்டு நிற்பதால், நெம்பினால் பொறுக்காது, பல் விட்டுவிடும். கடலில் மூழ்குகிறவனுக்குக் கொடுக்கலாம். விறகு பிளக்கிறவனுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்தது கூர்க்காக்களின் குக்ரி. 1815 முதல் பிரிட்டிஷ் சேனையில் பெயர் வாங்கிய ஆயுதம். கிழக்கு நேபாளத்தில் போஜ்பூர், தரான் பக்கத்துக் கொல்லர்களுக்கு உருக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பழைய லாரி ஸ்பிரிங் பட்டை! கரி சுமார் 0.6 சதவிகிதம்தான். சாமர்த்தியம் தோய்ச்சலில் இருக்கிறது. பழுத்த கத்தியைத் தொட்டியில் முக்குவதில்லை. டீ கெட்டிலை எடுத்து, கூர்வாய் ஓரமாக மட்டும் தண்ணீரை ஒழுக விடுகிறார்கள். வாய் கெட்டிப்படுகிறது; நிதானமாக ஆறும் முதுகு இளக்கமாகவே நின்று அடியைத் தாங்குகிறது. முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு இறங்கி, அதற்கும் சற்றுப் பதம் கொடுத்துவிடுகிறது. உலைக்குப் பக்கத்தில் வெப்பமானி கிடையாது. கண்தான் மானி, கைதான் கணக்கு. ஒரு விநாடி பிசகினால் வாயில் விரிசல்.

நீங்களே சோதிக்கலாம். ஓர் அரத்தை வையுங்கள்: வாயில் வழுக்கும், முதுகில் கடிக்கும்.

உறையில் இரண்டு குட்டிக் கருவிகளும் செருகியிருக்கும். கூரில்லாத 'சக்மக்', வாய் மடிந்தால் தேய்த்து நிமிர்த்துவதற்கும், கல்லில் தட்டித் தீ மூட்டுவதற்கும். மற்றது 'கர்தா', சின்னக் கத்தி. வெங்காயம் நறுக்க அதுவே போதும்.