முதல் கோணல் முற்றும் கோணலா?



"முதல் கோணல் முற்றும் கோணல்" என்ற பழமொழியை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கோலத்தில் முதல் வரிசைப் புள்ளி தப்பினால் கோலமே கோணிப் போகும். சுவரில் முதல் வரிசைச் செங்கல் சாய்ந்தால் சுவரே சாயும். அதுவரை பழமொழி சரிதான். ஆனால், ஒரு விளையாட்டு அணிக்கும் ஒரு மாணவனுக்கும் இது பொருந்துமா? பொருந்தாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் அது நம்முடைய கால்பந்து இல்லை. அந்தப் பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூர்மையாக இருக்கும். அதைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடலாம், எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு போனால் 6 புள்ளிகள்.

பந்தை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று நொடியில் முடிவு செய்பவருக்கு 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். எதிரணியினர் பாய்ந்து வந்து அவரைச் சாய்த்துவிடாமல் முன்னால் ஐந்து பேர் சுவர் போல நிற்பார்கள்.

அங்கே கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டத்துக்குச் சேரும் கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் என்று ஒரு நகரம். அங்கே ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைதானம் குதிரை லாடம் போன்ற வடிவில் இருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்! நன்றாக ஆடிய வீரருக்கு அங்கே ஓர் அழகான பழக்கம் வைத்திருக்கிறார்கள். அவரது தலைக்கவசத்தில் இலைப் படம் போட்ட சிறிய ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உங்கள் நோட்டில் ஆசிரியர் நட்சத்திரம் போடுவது போலத்தான்.

அந்த அணியின் 2014-ஆம் ஆண்டுக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த ஆண்டு அவர்களின் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர். பேர் பெற்ற வீரர். முதல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, பயிற்சியில் அவருக்குத் தோளில் அடிபட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆட முடியாது என்றாகிவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவர் ஜே.டி.பாரெட். வயது 19. கல்லூரி ஆட்டத்தில் அதற்கு முன் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. போதாக்குறைக்கு, முன்னால் சுவர் போல நிற்கும் ஐந்து பேரில் நான்கு பேர் அந்த இடத்துக்குப் புதியவர்கள்.

ஆகஸ்ட் 30-ஆம் தேதி, பால்டிமோர் நகரில் முதல் ஆட்டம். எதிரே கடற்படைக் கல்லூரியின் 'நேவி' அணி. பாதி ஆட்டம் முடிந்தபோது நேவி 7, ஒஹையோ ஸ்டேட் 6! ரசிகர்கள் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். பிறகு ஒருவழியாகச் சமாளித்து 34-17 என்று வென்றார்கள்.

வென்றால் மகிழ்ச்சிதானே என்கிறீர்களா? இல்லை, குழந்தைகளே! 'இது என்ன ஆட்டம்? இந்த லட்சணத்தில் கோப்பையா?' என்றுதான் பலரும் முகம் சுளித்தார்கள். பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்த அணி, வென்ற பிறகும் 8-ஆம் இடத்துக்கு இறங்கியது.

அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் ஆட்டம். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எதிரே வர்ஜீனியா டெக் அணி. பாரெட் 29 முறை எறிந்ததில் 9 மட்டுமே தன் அணி வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று முறை பந்தை எதிரணி பிடித்துக் கொண்டது. அவரையே ஏழு முறை கீழே சாய்த்தார்கள். முடிவு 35-21. தோல்வி! தரவரிசையில் 22-ஆம் இடம். 'அவ்வளவுதான், இந்த ஆண்டு போச்சு' என்று சொல்லாதவர்கள் குறைவு.

பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? அதற்கப்புறம் அந்த அணி தோற்கவே இல்லை. தொடர்ந்து 13 வெற்றிகள்! ஆண்டின் இறுதியில் பாரெட்டுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. மூன்றாவது ஆளாகக் காத்திருந்த கார்டேல் ஜோன்ஸ் வந்தார். விஸ்கான்சின் அணியை 59-0, அலபாமாவை 42-35, கடைசியாக 2015 ஜனவரி 12-ஆம் தேதி ஓரிகன் அணியை 42-20 என்று வென்று, தேசியக் கோப்பையைத் தூக்கிக் கொண்டு வந்தார்கள்.

ஆகஸ்டில் நிலைகுலைந்த அணி ஜனவரியில் வென்றதற்கு மந்திரம் எதுவும் காரணம் இல்லை. புதியவர்கள் பழகினார்கள். சுவர் உறுதியானது. அதற்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன. அவ்வளவுதான்.

"தாத்தா, பாடுபட்டால் எல்லாரும் கோப்பை வாங்கலாம் என்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொன்னால் அது பொய். இன்னொரு கதையும் உண்டு. 2007-இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணி நாட்டிலேயே 5-ஆம் இடத்தில் இருந்தது. முதல் ஆட்டத்தில், ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட் அணியிடம், சொந்த மைதானத்தில் 34-32 என்று தோற்றது. அடுத்த வாரம் ஓரிகனிடம் 39-7. நாடே சிரித்தது. பிறகு அவர்கள் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வென்றார்கள். மறுபடியும் இரண்டு தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் புளோரிடாவை 41-35 என்று வென்றார்கள். கோப்பை கிடைக்கவில்லை. ஆனால், செப்டம்பரில் மற்றவர்கள் சொன்னதை நம்பி அவர்கள் சோர்ந்து போயிருந்தால், அந்த ஒன்பது வெற்றிகளும் கிடைத்திருக்காது இல்லையா?

இன்னொரு பழமொழி, "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்." முதல் ஆட்டத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவர்கள் இதைத்தான் துணைக்கு அழைப்பார்கள். சமையலறையில் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். அரிசி எப்போது பதம் பார்க்கப்படுகிறது? கொதித்து வெந்து வரும்போது. உலையில் போட்டவுடன் ஒரு அரிசியை எடுத்து நசுக்கிப் பார்த்து, 'இது சோறே ஆகாது' என்று யாராவது பானையைக் கவிழ்ப்பார்களா?

நான் கவிழ்த்திருக்கிறேன், குழந்தைகளே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆறாம் வகுப்பு ஆசிரியர். ஜூலை மாதத் தேர்வு. கணக்கில் ஒரு பையன் 50-க்கு 7 எடுத்திருந்தான். வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புத்தகம்கூட இன்னும் கைக்கு வரவில்லை. அதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. விடைத்தாளைக் கொடுக்கும்போது எல்லார் முன்னாலும், "ஜூலையிலேயே இப்படி என்றால் ஏப்ரலில் நீ எப்படியோ!" என்றேன். வகுப்பே சிரித்தது.

அதுவரை சந்தேகம் கேட்கக் கை தூக்கிக் கொண்டிருந்தவன், அன்றோடு கையைத் தூக்கவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். ஆண்டுத் தேர்வில் சுமாராகத் தேறினான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்? ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த மைதானத்தில் 'அவ்வளவுதான், போச்சு' என்று சொன்ன ரசிகர்களைக் குறை சொல்லும் முன், அவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் குறையே சொல்லக் கூடாதா? சொல்லலாம். பணம் செலவழித்து, தூரப் பயணம் செய்து ஆட்டம் பார்க்க வந்த ரசிகருக்கு வருத்தம் வரத்தான் செய்யும். 'பந்தை அவசரப்பட்டு எறிகிறார்' என்பது குறை. அதைத் திருத்திக் கொள்ளலாம். 'இவன் எதற்கும் லாயக்கில்லை' என்பது தீர்ப்பு. அதை வைத்துக் கொண்டு அந்த ஆள் என்ன செய்ய முடியும்? அழத்தான் முடியும். அதிலும் பாரெட்டுக்கு அப்போது வயது 19. காலையில் வகுப்புக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் மாணவர். அந்த நாளில் கல்லூரி வீரர்களுக்குப் படிப்புச் செலவுக்கான உதவித்தொகை உண்டு, சம்பளம் கிடையாது.

உங்கள் பள்ளியிலும் கபடி அணி இருக்கும், கோகோ அணி இருக்கும். முதல் ஆட்டத்தில் சொதப்பினால், கேலி செய்யும் முன் ஒன்றை விசாரியுங்கள். அணியில் யார் புதிது? எத்தனை நாள் சேர்ந்து பயிற்சி செய்தார்கள்? பிறகு, தவறைச் சொல்லுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். முக்கியமாக, அடுத்த ஆட்டத்துக்கும் போய் உட்காருங்கள். வென்ற பிறகு கைதட்ட ஊரே வரும். தோற்ற மறுவாரம் வந்து உட்காருபவரைத்தான் ரசிகர் என்று நான் சொல்வேன்.

உங்கள் வகுப்பில் முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய நண்பன் ஒருவன் இருப்பான். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். நாளைக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்தக் கணக்கு புரியலை, வா பார்க்கலாம்" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.

என்ன, கேட்பீர்களா?