வெட்டுப்பட்ட காசும் சாட்சிதான்

“அருங்காட்சியகங்களில் ஒரே மாதிரி ரோமானியக் காசுகள் தூங்குகின்றன, சில சேகரிப்பாளர் கைக்கு வந்தால் குடியா முழுகிவிடும்?” என்கிறார் நண்பர். முழுகும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு. மீண்டும் பணமாகப் புழங்கவிடாமல் செய்த வேலையா, வேறு காரணமா? அறிஞர்கள் இன்னும் மோதுகிறார்கள். மோதவாவது முடிகிறதே, குவியலை மொத்தமாகப் பார்த்துப் பதிந்ததால்! சில்லறையாக விற்றிருந்தால் வெட்டுப்பட்டவை ‘சேதம்’ என்று கழிக்கப்பட்டு, தட்டானின் உலைக்கே போயிருக்கும். நண்பரின் ஆல்பத்தில் பளபளக்கும் பேரரசர் டைபீரியஸ் எந்த ஊர் மண்ணில் கிடைத்தார்? விற்றவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சேகரிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கிடைத்த இடமும் கைமாறிய விவரமும் எழுத்தில் இல்லாத காசை வாங்காதீர்கள்.