இரண்டு கவுன்சிலிங்

நம்ம பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் என்றால் முதலில் சீட்டு வாங்குற கவுன்சிலிங்தான். அங்கே சாதிச் சான்றிதழ் இல்லாமல் ஒதுக்கீட்டுச் சீட்டு இல்லை. சேர்ந்த பிறகு பயம், தூக்கமில்லை, இங்கே இருக்க நமக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் என்று போனால் இன்னொரு கவுன்சிலிங். அங்கே சாதிப் பேச்சே வரக்கூடாது. மூச்சை இழுத்து விடு, பாசிட்டிவா யோசி!

அந்தச் சந்தேகத்தை விதைத்தது யார்? முதல் நாளே ரேங்க் கேட்டவன். தில்லி எய்ம்ஸ் விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் தனித் தளங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததை தோரட் குழு 2007இல் எழுதியே கொடுத்தது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை வரவில்லை. விடுதியை விட்டும் வெளியேற்றினார்கள். 2016 ஜனவரி 17இல் செத்துப்போனார். இதில் அவர் மனசுக்குள் என்ன கோளாறு தேடுவீர்கள்?

மனநல மருத்துவம் வேணாம்னு சொல்ல வரல. வேணும், இலவசமா வேணும். சேரிப் பிள்ளை வாய் திறந்தால் 'நீயா கற்பனை பண்ணிக்கிறே' என்று சொல்லாத ஆள் வேணும். அங்கே அழுதது நிர்வாகத்தின் மேசைக்குப் போகக்கூடாது. உதவித்தொகை மாசாமாசம் வரணும். ரேங்க் கேட்டவனையும் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வையுங்கய்யா.