ஒப்போலை மக்கள் கையில். ஓலை தில்லியின் கையில்!

மாநிலத் தேர்தல் ஒன்று நடந்து முடிந்து, இரு தரப்பும் ஏறத்தாழ ஒத்த எண்ணிக்கையில் வந்து நின்றால் தில்லித் தலைவர்களும் தாளிகைகளும் என்ன பேசுகின்றனர் என்பதை அன்பர்கள் உற்று நோக்கியிருப்பீர்கள். அம் மாநிலத்து உழவனுக்கு நீர் கிட்டுமா, பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வாய்க்குமா என்று அவர்களுள் எவரும் கேட்பதில்லை. 'இது தில்லிக்கான அரையிறுதி ஆட்டம்' என்பர்; 'அடுத்த தலைமையமைச்சர் யார் என்பதற்கு இதுவே குறி' என்பர். ஒரு நாட்டு மக்கள் தம்மை ஆளத்தக்காரைத் தேர்ந்தது, தில்லி அரியணைக்குக் குறி சொல்வதற்காகவா?

இக் குறியும் பொய்த்த குறியே. 2018 திசம்பரில் மத்தியப்பிரதேசம், இராசத்தான், சத்தீசுகர் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பேராயக்கட்சி ஆட்சிக்கு வந்தது. தில்லியில் காற்று மாறிவிட்டதென்று முழங்கினர். ஐந்தே திங்கள் கழித்து, 2019 மக்களவைத் தேர்தலில் மத்தியப்பிரதேசத்தின் 29 இடங்களுள் 28-ஐயும், சத்தீசுகரின் 11-இல் 9-ஐயும் பாரதிய சனதாக் கட்சி வென்றது. இராசத்தானின் 25 இடங்களும் அதற்கும் அதன் கூட்டாளிக்குமே போயின. மாநிலத்தை ஆள்வார் யார், தில்லியை ஆள்வார் யார் என்று மக்கள் தனித்தனியே எண்ணிப் பார்க்கின்றனர். பிரித்தறியும் அறிவு மக்களுக்கு உண்டு, தில்லிக்குத்தான் இல்லை.

இது தில்லியின் நோக்கிலுள்ள இழிவு. அதன் செயலிலுள்ள கொடுமையோ இதனினும் பெரிது. வெற்றி பெரிதாயின் தில்லி வாய்மூடி நிற்கும். வெற்றி நூலிழையாயின், அந் நூலிழை இடைவெளியே தில்லி நுழையும் வாயிலாகிவிடுகிறது. அவ் வாயிலைக் காக்கும் காவலர்க்கு ஆளுநர் என்று பெயர்.

கருநாடகத்தை எடுத்துக்கொள்வோம். 2018 மே 12-இல் 222 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. பா.ச.க. 104, பேராயக்கட்சி 78, மதச்சார்பற்ற சனதாதளம் 37. பின்னவை இரண்டும் தேர்தலுக்குப் பின் கைகோத்து 115 ஆயின. 104 பெரிதா, 115 பெரிதா என்று எம் வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் பையனைக் கேட்டாலும் விடை சொல்வான். கருநாடக ஆளுநர்க்கு அவ் விடை தெரியவில்லை. 104 பேர் கொண்டாரை அழைத்து ஆட்சியில் அமர்த்தினார். பெரும்பான்மையைக் காட்டப் பதினைந்து நாள் காலமும் கொடுத்தார். இல்லாத உறுப்பினரைப் பதினைந்து நாளில் எங்கிருந்து கொணர்வது? விளைத்து வரவா முடியும்? விலைக்கு வாங்கத்தான் முடியும்! உச்ச நயன்மன்றம் இரவோடிரவாகக் கூடி, பின்னர் மே 19-ஆம் நாளே மன்றத்தில் எண்ணிக்கை காட்டுக என்று ஆணையிட்டது. எண்ணுமுன்னரே எடியூரப்பா விலகினார்.

பெரிய தனிக்கட்சியை அழைப்பதே முறை என்று அன்று வழக்காடினர். அவ்வாறாயின், 2017-இல் கோவாவின் 40 இடங்களுள் 17 பெற்ற பேராயக்கட்சியை விடுத்து, 13 பெற்ற பா.ச.க.வை அழைத்தது எம் முறையால்? அதே ஆண்டில் மணிப்பூரின் 60 இடங்களுள் 28 பெற்றாரை விடுத்து 21 பெற்றாரை அழைத்தது எம் முறையால்? கோவாவில் ஓர் அளவுகோல்; கருநாடகத்தில் மற்றோர் அளவுகோல். கோல்தான் மாறியது, அளந்து கொடுக்கப்பெற்ற இடம் மாறவில்லை.

அழைப்பில் தோற்றது அடுத்து வேறு வழி தேடிற்று. 1985-இல் இயற்றப்பெற்ற கட்சித்தாவல் தடைச் சட்டம், தாவுவாரைத்தானே தண்டிக்கும்? உறுப்பாண்மையையே துறந்துவிட்டால்? கருநாடகத்தில் உறுப்பினர் பலர் அவ்வாறே விலகல் மடல் கொடுத்தனர். 2019 சூலை 23-இல் குமாரசாமியின் ஆட்சி 99-க்கு 105 என்று கவிழ்ந்தது. மத்தியப்பிரதேசத்தில் 230 இடங்களுள் 114 பெற்றுப் பிறர் துணையோடு ஆண்ட கமல்நாத்தின் ஆட்சியும், 22 உறுப்பினர் விலகியதால் 2020 மார்ச்சில் வீழ்ந்தது. அவர்களைப் பெங்களூர் விடுதியொன்றில் அடைகாத்து வைத்திருந்ததை நாடே கண்டது. அணி மாறிய தலைவர்க்கு அவ்வாண்டே மாநிலங்களவையில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு தில்லியில் அமைச்சுப் பொறுப்பும் கிடைத்தது. மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களே என்பதை மறவற்க. நூலிழையில் நிற்கும் ஒவ்வொரு சட்டமன்றமும் தில்லிக்கு ஓர் இரை.

இஃது ஒரு கட்சியின் குற்றம் என்று எண்ணி மற்றக் கட்சியின் மடியில் வீழ்வார்க்கும் ஒன்று சொல்வோம். இக் கள்ளவழியை முதன்முதல் வெட்டியது பேராயக்கட்சியே. 1952-இல் சென்னை மாநிலத்தின் 375 இடங்களுள் அக் கட்சி பெற்றவை 152. எதிரணியினர் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சியமைக்க உரிமை கேட்டனர். ஆளுநர் செய்ததென்ன? தேர்தலிலேயே நில்லாத இராசாசியை மேலவை உறுப்பினராக அமர்த்தி, அவரையே முதலமைச்சரும் ஆக்கினார். மக்கள் ஒருவரும் ஒப்போலை இடாத அவ் ஆட்சி, 1953-இல் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குலத்தொழில் கற்க வேண்டும் என்ற திட்டத்தைக் கொணர்ந்தது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் அவர் விலகினார், காமராசர் அத் திட்டத்தைக் கைவிட்டார். ஆளுநரின் ஒரு கையெழுத்து ஏழைப் பிள்ளைகளின் பலகையையும் பலப்பத்தையும் பறிக்க வந்தது என்பதை ஆசிரியர்களாகிய யாம் எவ்வாறு மறப்போம்? கேரளத்தில் 1957-இல் சிறு பெரும்பான்மையோடு அமைந்த நம்பூதிரிப்பாட்டின் ஆட்சியை 1959 சூலை 31-இல் கலைத்ததும் அதே பேராயக்கட்சிதான்.

குற்றம் முழுதும் தில்லியினது என்று நம்மை நாமே ஏய்த்துக்கொள்ளவும் வேண்டா. கருநாடகத்தில் 2019 திசம்பரில் 15 இடங்களுக்கு இடைத்தேர்தல் வந்தது. அணி மாறியாருள் பெரும்பாலாரையே நிறுத்திய பா.ச.க.வுக்கு மக்கள் 12 இடங்களை அளித்தனர். மத்தியப்பிரதேசத்தில் 2020 நவம்பரில் 28-க்கு 19 அளித்தனர். விற்றவனுக்கே மீண்டும் ஒப்போலை இட்டால் வாங்குவோன் ஏன் அஞ்சுவான்?

'ஆளுநர் இல்லையேல் எவர்க்கும் பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் யார் அழைப்பது?' என்பர் சிலர். ஏன் ஒருவர் அழைக்க வேண்டும்? முதலமைச்சரை ஆளுநர் அமர்த்துவார் என்று மட்டுமே அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. எவ்வாறு என்று கூறவில்லை. யாரை எவ் வரிசையில் அழைப்பது என்று 1988-இல் சர்க்காரியா ஆணையம் வகுத்துச் சொன்னது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது. பெரும்பான்மையை எண்ணுமிடம் மன்றமே என்று 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நயன்மன்றம் தெளிவுறுத்தியது. மன்றத்தில் எண்ணுவதே முறையாயின், முதல் நாளிலேயே எண்ணிவிடலாமே! புதிய மன்றம் கூடிய அன்றே தன் முதல்வரைத் தானே தேர்ந்துகொள்ளட்டும். உறுப்பாண்மையைத் துறந்தவன் அம் மன்றத்தின் காலம் முடியுமட்டும் மீண்டும் போட்டியிடாதிருக்கட்டும். இவ்விரண்டையும் சட்டமாக்கினாலன்றி நோய் தீராது.

பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பார்ப்பனர் தமக்குள் வகுத்துக்கொண்ட அவைமுறைதான் அது. அனைத்து மக்களுக்கும் உரியதன்று. ஆயினும் அங்கும் குடத்து ஓலையை ஒரு சிறுவன் எடுக்க, ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, அனைவரும் கேட்கப் படிக்க வேண்டும் என்று விதித்தனர். கையை மூடினால் கள்ளம் புகும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே அறிந்திருந்தனர். இன்றோ கோடிப் பேர் இட்ட ஒப்போலையின் முடிவு ஆளுநர் மாளிகையின் மூடிய கதவுக்குள், ஒருவர் மூடிய கைக்குள் கிடக்கிறது.

1969-இல் அமைந்த இராசமன்னார் குழுவும், 1974-இல் மாநிலத் தன்னாட்சி கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் தூசு படிந்து கிடக்கின்றன. கருநாடகத்துக்கும் மணிப்பூருக்கும் நேர்ந்தது நமக்கு நேராது என்று உறங்குவோமாயின், நூலிழை வெற்றி ஒன்று வாய்க்கும் நாளில் நம் வாயிலிலும் அக் கை நீளும். அன்று விழிப்பதினும் இன்று விழிப்பதே அறிவுடைமை.