ஃபேன் நின்னா எப்படிச் சாமி தெரியும்?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. நடுவுல சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறது எப்படின்னு ஒரு பாடம் கத்துக்கிட்டேன். சரியாச் சொன்னா, சித்தப்பா செலவுல :-(

சித்தப்பாகிட்ட 2006 மாடல் மஹிந்திரா பிக்கப் ஒண்ணு இருக்கு. 2523 சிசி டீசல், ஏசி எல்லாம் கிடையாது. நாமக்கல்ல இருந்து சேலத்துக்கு முட்டை அடிப்பார். வாரத்துல ரெண்டு நாள் சேந்தமங்கலம் வழியா கொல்லிமலைக்கு சிமெண்ட், திரும்பும்போது வாழைத்தார், பலாப்பழம். அந்த வண்டி ஓடினாத்தான் வீட்டுல அடுப்பு எரியும்.

ஏப்ரல் வெயில்ல வண்டி அடிக்கடி ஹீட் ஆகுதுன்னு சொன்னார். நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதுற ஆளு. நாலு வருசப் படிப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? "பெல்ட்ல ஓடுற ஃபேனைக் கழட்டிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டுரலாம் சித்தப்பா, தேவைப்படறப்ப மட்டும் ஓடும், டீசலும் மிச்சம்"னு சொன்னேன். படிச்ச புள்ள சொல்லுதேன்னு அவரும் தலையாட்டிட்டார். பழைய கார்ல இருந்து எடுத்த ஃபேன் ரெண்டு, ஒரு ரிலே, ஒரு சுவிட்ச், வயரிங் எல்லாம் சேத்து 6,500 ரூபாய்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லீங்க. ஃபேனோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது திங்கற சக்தி எட்டு மடங்கு. பைபாஸ்ல 60, 70ல போறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டருக்குப் போதும், பெல்ட் ஃபேன் சும்மா சுத்தி டீசலைக் குடிச்சுட்டு இருக்கும். முன்சக்கரம் இழுக்கற கார்கள்ல எஞ்சினே குறுக்குவாட்டுல உக்காந்திருக்கும். அங்க பெல்ட் ஃபேன் ரேடியேட்டரைப் பாத்து நிக்கவே வழியில்ல, எலக்ட்ரிக் தான். அதை அப்படியே லோடு வண்டிக்குத் தூக்கிட்டு வந்தது என் மேதாவித்தனம்.

மூணு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. மே மாசம், 22 மூட்டை சிமெண்டோட காரவள்ளி அடிவாரத்துல இருந்து ஏறியிருக்கார். கொல்லிமலைல மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பாதிகூட ஏறல, ரிலே சாக்கெட் உருகி ஃபேன் நின்னுடுச்சு. சத்தமில்லாம. வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை முறுக்கி, எதிர்ல பஸ் வருதான்னு பாக்கறவர் மீட்டர் முள்ளை எங்க பாக்கறது? ஆவி கிளம்பினப்பதான் தெரிஞ்சிருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டும் லேசா வளைஞ்சு லேத்துக்குப் போச்சு. 18,000 ரூபாய், ஒம்பது நாள் வாடகை இல்ல.

திட்டியிருந்தாக்கூட பரவால்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "ஃபேன் நின்னா எனக்கு எப்படிச் சாமி தெரியும்?"

பதில் இல்ல. தினமும் ஆபீஸ்ல இதையேதான் பேசறோம், ஒரு சர்வர் செத்தா அலாரம் அடிக்கணும், சத்தமில்லாம சாகறதுதான் மோசம்னு. அவர் வண்டியில அதையே நான் செஞ்சு வெச்சிருக்கேன். பழைய அமைப்புல ஒரே பெல்ட்டுதான் ஃபேன், தண்ணி பம்ப், ஆல்டர்னேட்டர் மூணையும் சுத்தும். பெல்ட் அறுந்தா உடனே டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எரியும். யார் யோசிச்சு வெச்சாங்களோ, தானா அமைஞ்சுதோ, இலவச அலாரம்!

இன்னொண்ணு. மலை ஏறறப்ப வண்டி போறது 15, 20 கிலோமீட்டர் வேகம், எதிர்க்காத்து கிடையாது. ஆனா ரெண்டாவது கியர்ல எஞ்சின் கத்திக்கிட்டு இருக்கும், கூடவே பெல்ட் ஃபேனும். எஞ்சின் எவ்வளவு முக்குதோ அவ்வளவு காத்து. எலக்ட்ரிக் ஃபேன் ரெண்டும் சேந்து இழுத்தது 25 ஆம்பியர் வாக்கில, அதாவது 300 வாட் சொச்சம். அதையும் அந்தப் பழைய ஆல்டர்னேட்டர்தான் எஞ்சின்கிட்ட வாங்கித் தரணும். ட்ராஃபிக்ல நிக்கறப்ப எலக்ட்ரிக் நல்லதுன்னு சொல்வாங்க. ஏசி இல்லாத டீசல் ஐடில்ல நின்னா அவ்வளவா சூடே ஆகாது.

நடுவாந்திரமா விஸ்கஸ் ஃபேன் ஒண்ணு இருக்கு. உள்ள சிலிக்கான் ஆயில், முன்னாடி ஒரு பட்டை. ரேடியேட்டர் காத்து சூடானா பிடிச்சுக்கும், ஆறினா விட்டுரும். நல்ல ஐடியா, கம்பெனியே போட்டு வந்த வண்டின்னா மாத்தவே மாத்தாதீங்க. ஆனா ஆயில் கசிஞ்சா இதுவும் சத்தமில்லாமத்தான் கைவிடும். அப்பப்ப எஞ்சின் ஆறினப்புறம் கையால சுத்திப் பாக்கணும், பிடிப்பே இல்லாம காத்தாடி மாதிரி சுத்தினா வேலை முடிஞ்சுது.

இதுல பெரிய காமெடி, சித்தப்பா வண்டிக்கு ஃபேன் பிரச்சினையே இல்ல. பெல்ட் மாத்த இடைஞ்சலா இருக்குன்னு யாரோ எப்பவோ ஃபேன் கவரைக் கழட்டிப் போட்டுட்டாங்க. கவர் இல்லைன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம எஞ்சின்கிட்ட இருக்கற சூட்டுக்காத்தையே சுத்திச்சுத்தி இழுக்கும். ரேடியேட்டரைப் பிரிச்சா, உள்ள பாதிக் குழாய் வெள்ளையா அடைச்சுக் கிடக்கு. எல்லாம் போர் தண்ணி உபயம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க 1000 அடி போட்டு எடுத்துத் தர்ற உப்புத்தண்ணியை பாத்திரத்துல காய்ச்சினாலே வெள்ளை படியும், ரேடியேட்டருக்கு அதையே பத்து வருசம் ஊத்தினா? மூடியோட ரப்பரும் செத்துப் போச்சு. 0.9 பார் தாங்கற நல்ல மூடி இருந்தா தண்ணி 118 டிகிரி வாக்கிலதான் கொதிக்கும், மூடி போச்சுன்னா 100லயே.

பழைய ஃபேன் திரும்ப ஏறிடுச்சு. பழைய இரும்புக்கடையில கவர் ஒண்ணு கிடைச்சுது, பிளேடு பாதி உள்ள பாதி வெளிய இருக்கற மாதிரி மாட்டியாச்சு. ரேடியேட்டர் சுத்தம், புது மூடி, கேன்ல வர்ற கூலன்ட். கூடவே எஞ்சின் ஹெட்டுல ஒரு சூட்டு சுவிட்ச், கேபின்ல ஒரு பஸ்ஸர், அது நானே மாட்டினது. எல்லாம் சேத்து அந்த 6,500ஐவிடக் கம்மி.

இந்த வெயில்லயும் மலை ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கார், முள் பாதியைத் தாண்டல. தெர்மோஸ்டாட் வால்வு மட்டும் இன்னும் போட விட மாட்டேங்கறார். மெக்கானிக் அண்ணன் ரொம்ப நாள் முன்னாடியே கழட்டிட்டாராம். அது இல்லைன்னா காலைல எஞ்சின் சூடாகவே நேரமாகும், டீசலும் தேய்மானமும் அதிகம்னு சொல்லிப் பாத்துட்டேன். "நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குச் சாமி"ங்கறார். இப்போதைக்கு அதுக்கு மேல பேசற யோக்கியதை எனக்கு இல்ல. அடுத்த பொங்கல் வரட்டும் :-)