வேலியும் வாயிலும்

வீட்டிற்கு வேலியும் வேண்டும், வாயிலும் வேண்டும். வேலியில்லா வீடு வழிப்போக்கர் சாவடி. வாயிலில்லா வீடு சிறைக்கூடம். இவ்விரண்டையும் ஒருங்கே அமைக்கத் துணியாமல், வல்லரசாகிய அமெரிக்கா தன் தென்னெல்லையில் அறுபது ஆண்டுகளாகத் தடுமாறி வருகின்றது. அதனால் நசுங்குவோர் ஏழை உழைப்பாளிகளே!

மெக்சிக்கோவிற்கும் அமெரிக்காவிற்கும் இடைப்பட்ட எல்லை ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர் நீளமுடையது. 1942 முதல் 1964 வரை, 'பிராசெரோ' என்னும் ஒப்பந்தத்தின்படி, மெக்சிக்கோ உழவுத் தொழிலாளரை அமெரிக்க அரசே அழைத்தது. அவர்கள் அறுவடைக்கு வந்தனர். முடிந்ததும் ஊர் திரும்பினர். அதில் கூலி ஏய்ப்பும் கொடுமையும் மலிந்திருந்தமை உண்மையே. ஆயினும் கேட்டைக் களைவதை விடுத்து 1964-இல் வழியையே அடைத்தனர். மேலை அரைக்கோள நாடுகளுக்கு அதுகாறும் இல்லாத எண்ணிக்கை வரம்பை 1965-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வாயில் அடைபட்டது, தோட்டத்தில் பழம் பழுப்பது நின்றதா? முதலாளிக்கு ஆள் தேவை. ஏழைக்குக் கூலி தேவை. அதே உழைப்பாளி அதே தோட்டத்திற்கு இரவில் வந்தான். நேற்றுவரை விருந்தாளி, இன்று சட்டமீறி!

1986 நவம்பரில் குடியரசுத் தலைவர் இரேகன் கையொப்பமிட்ட சட்டம், ஏறத்தாழ 27 இலக்கம் பேர்க்கு வாழ்வுரிமை தந்தது. ஆவணமற்றோரை அறிந்தே வேலைக்கு அமர்த்தும் முதலாளி ஒறுக்கப்படுவான் என்றும் அது கூறியது. போலி ஆவணத்தைக் காட்டி, 'மெய்யென்று நம்பினேன்' என முதலாளிகள் எளிதில் தப்பினர். இனி வரவேண்டிய தொழிலாளர்க்குப் போதிய நேர்வழியையும் அச்சட்டம் அமைக்கவில்லை. மன்னிப்பு நிறைவேறிற்று, காவல் ஏட்டோடு நின்றது. அரைக்கிணறு தாண்டிய கதையன்றோ இது?

பின்னர் வேலியை மட்டும் இறுக்கினர். 1994-இல் 'வாயிற்காவலன்' என்னும் பெயரால் சான்டியேகோ எல்லையில் காவல் பெருகியது. வந்தோர் நிற்கவில்லை, அரிசோனாப் பாலைக்குத் திரும்பினர். நீரின்றி, நிழலின்றி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆள் கடத்துவோரின் கூலி பன்மடங்கு ஏறியது. முன்பு பருவந்தோறும் வந்து மீண்டவர்கள், திரும்பிப் போனால் மறுபடி வர இயலாதென அஞ்சி அங்கேயே தங்கினர். மனைவி மக்களையும் வரவழைத்துக் கொண்டனர். புறத்தாரைத் தடுக்க எழுந்த வேலி, உள்ளிருந்தோரை உள்ளேயே அடைத்தது! இன்னுமொன்று: முறையான நுழைவிசைவோடு வானூர்தியில் வந்திறங்கி, காலம் கடந்தும் தங்கிவிட்டோர் பலர். எந்த மதில் அவர்களைத் தடுக்கும்?

இதனால், எல்லையே வேண்டா என்பார் கூற்றையும் நாம் ஏற்கவில்லை. தன் எல்லையைக் காப்பது எந்நாட்டிற்கும் உரிமை, கடமையுங்கூட. 2023 திசம்பர் ஒரு திங்களில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை இலக்கம் பேர் அத்தென்னெல்லையில் பிடிபட்டனர். 2024-இல் குடியேற்ற வழக்குமன்றங்களில் 35 இலக்கத்திற்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கின. உயிருக்கஞ்சி ஓடி வந்தவனும் அவ்வரிசையிலேயே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றான். தளர்ந்த காவலால் ஏழை வாழ்வதில்லை. ஆள்கடத்தும் கொள்ளையரே கொழுக்கின்றனர்.

இரண்டையும் இணைத்த சட்டமுன்வரைவு ஒன்று எழாமலில்லை. 2013 சூன் 27 அன்று அமெரிக்க மேலவை 68-க்கு 32 என்னும் வாக்குகளால் அதனை நிறைவேற்றியது. எல்லைக் காவலரை ஏறத்தாழ இருமடங்காக்கவும், வேலைக்கு அமர்த்தும்போது ஆவணங்களை முதலாளிகள் கட்டாயம் சரிபார்க்கவும் அது வகைசெய்தது. ஆவணமற்றோர் தண்டமும் நிலுவை வரியும் செலுத்தி, ஏறத்தாழ 13 ஆண்டுகள் காத்திருந்து குடியுரிமை பெறவும் வழிகண்டது. குற்றத்திற்குப் பரிசு என்று இதனைப் பழித்தனர் சிலர். தண்டமும் வரியும் 13 ஆண்டுக் காத்திருப்பும் பரிசாகுமா? கீழவையோ அம்முன்வரைவை வாக்கெடுப்பிற்கே எடுக்கவில்லை!

இதில் தமிழர்க்கும் தொடர்புண்டு. வேலைவழி நிலைவாழ்வுரிமையில் எந்த ஒரு நாட்டாரும் பொதுவாக 7 விழுக்காட்டிற்கு மேல் பெறலாகாது என்னும் வரம்பால், சட்டத்தை எள்ளளவும் மீறாத நம் பொறியாளர் பலர் இந்தியர்க்குரிய நெடுவரிசையில் பல்லாண்டுகளாக நிற்கின்றனர். அவ்வரம்பையும் நீக்க முற்பட்டது அம்முன்வரைவு. நேர்வழியில் வந்தவனுக்கே வாயில் திறவாத நாடு, குறுக்குவழியை எவ்வாறு பழிக்கும்?

2025-இல் எல்லை கடப்போர் தொகை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்தது. வேலி இறுகியது, வாயில் இன்னும் அமையவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஆவணமின்றி அச்சத்தோடு உழைக்கின்றனர். அஞ்சி உழைப்பவன் கூலி கேட்கமாட்டான். அவன் கூலி தாழ, அருகில் உழைக்கும் அந்நாட்டுத் தொழிலாளியின் கூலியும் தாழும். ஊதியம் முதலாளிக்கே!

எனவே நாம் வலியுறுத்துவன இவை: எல்லை உறுதியாகக் காக்கப்படல் வேண்டும், ஏய்க்கும் முதலாளி ஒறுக்கப்படல் வேண்டும், தேவைப்படும் தொழிலாளர் நேர்வழியில் வந்து மீள வாயில் அமைதல் வேண்டும், நெடுநாள் உழைத்து வாழ்வோர்க்கு முறையான வாழ்வுரிமை கிட்டல் வேண்டும். இவற்றுள் ஒன்றைப் பற்றி மற்றவற்றைக் கைவிட்டால் 1986-உம் 1994-உம் மீண்டும் நிகழும். அரைக்கிணறு தாண்டுபவன் கிணற்றுக்குள்ளேதான் விழுவான்!