தலையில் கரண்ட் வைப்பதற்கு முன்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, உறுப்பினர் ஒருவர் ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரத்தை என் கையில் கொடுத்து, "சார், இதைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். தலையில் பட்டை கட்டிய பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம். மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுத்து ஞாபகசக்தியைத் திரும்பக் கொண்டுவருகிறார்களாம். கத்தி இல்லை, மாத்திரை இல்லை, இருபது சிட்டிங். நண்பருடைய தாயாருக்கு வயது எழுபத்தாறு. அமெரிக்காவில் இருக்கும் தம்பி பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்.

நான் டாக்டர் அல்ல. ஆனால் இதே கேள்வியோடு நானும் அலைந்தவன் என்பதால் என் கருத்தை எழுதுகிறேன்.

கரண்ட் என்றதும் பழைய சினிமாவில் வரும் ஷாக் ட்ரீட்மெண்ட் நமக்கு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அதில் மயக்கமருந்து கொடுத்து வலிப்பையே வரவழைக்கிறார்கள். கடுமையான மனச்சோர்வுக்கு அது இன்றும் பயன்படுகிறது. இந்தப் புதிய முறைகளில் ஆள் விழித்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒரு வகையில், ஈரப் பஞ்சு வைத்த பட்டை வழியாக ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம் போகும். தோல் கொஞ்சம் அரிப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு வகையில், கம்பிச்சுருள் ஒன்றைத் தலையருகே பிடித்து, காந்தப்புலத்தால் மூளைக்குள் மின்சாரத்தை உண்டாக்குகிறார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து காட்டியது இது. மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2008இல் அனுமதித்தது. பெங்களூர் நிம்ஹான்ஸிலும் மனநோய்களுக்கு இம்முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள். ஆகவே இதைப் பித்தலாட்டம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மறதிக்கு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வைத்தான் பலரும் சுட்டிக்காட்டுகிறார்கள். 65 முதல் 88 வயது வரையிலான 150 பேர். தினம் 20 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து மின்தூண்டல். இருபது சொற்கள் கொண்ட பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தூண்டல் பெற்றவர்கள் கூடுதலான சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். அந்தப் பலன் ஒரு மாதம் கழித்தும் இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 150 பேரும் மறதி நோய் உள்ளவர்கள் அல்லர், வயதானவர்கள் மட்டுமே. சோதித்தது சொற்பட்டியலை; காஸை அணைத்தோமா, மாத்திரை சாப்பிட்டோமா என்பதை அல்ல. நோய் உள்ளவர்களுக்கென்று காந்தத் தூண்டலையும் மூளைப் பயிற்சியையும் சேர்த்து ஒரு கருவி தயாரித்து அமெரிக்காவில் அனுமதிக்கு வைத்தார்கள். போதிய பலன் நிரூபிக்கப்படவில்லை என்று வல்லுநர் குழு 2019 மார்ச்சில் சொல்லிவிட்டது. துண்டுப் பிரசுரத்தில் இந்த இரண்டாவது கதை இல்லை!

இப்போது என் அம்மாவின் கதை. அப்பா காலமானபின் கும்பகோணத்திலிருந்து எங்களோடு மைசூர் வந்தவர். வீட்டில் என் மனைவியும் நானும் தமிழ் பேசுவோம். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் கன்னடமும் இங்கிலீஷும். கொஞ்ச நாளாக அம்மா ஒன்று கேட்டால் ஒன்று சொன்னார். பிறகு பேச்சே குறைந்தது. ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த பெண் மூன்று சொற்களைக் கன்னடத்தில் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். முதல் சொல் 'சேபு', அதாவது ஆப்பிள். அம்மா 'சோப்பு' என்றார். மற்ற இரண்டும் வரவே இல்லை. மறதி ஆரம்பித்துவிட்டது, சிட்டிங் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்பணமும் கட்டிவிட்டேன்.

சோப்பு என்றது மறதியா, காதா, மொழியா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் என் மனைவிதான் கேட்டாள்.

மைசூரில் இருந்துகொண்டு இதற்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. மானசகங்கோத்ரியில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். நாம் அதன் வாசலில் பஸ் ஏறி இறங்கியே வருடங்களை ஓட்டிவிடுகிறோம். அங்கே பரிசோதித்ததில் அம்மாவுக்கு இரண்டு காதும் வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. ஒரு காதில் குறும்பி வேறு அடைத்திருந்தது. காது மிஷின் போட்ட முதல் வாரம், "ஏண்டா இப்படிக் கத்தறே" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். மறதி முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சாவியை வைத்த இடம் இன்றும் தெரியாது. ஆனால் திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இது எங்கள் வீட்டு அதிர்ஷ்டம் மட்டுமல்ல. லான்செட் ஆணையம் 2024இல், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரிய பங்கு உள்ளவற்றுள் காது கேளாமையும் ஒன்று. சரியாகக் காதில் விழாதது மனதில் எப்படிப் பதியும்? காது மிஷின் எல்லோருக்கும் மறதியைத் தடுக்கும் என்றும் சொல்ல முடியாது. 977 முதியவர்களை மூன்று வருடம் கவனித்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. மறதி வரும் அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் ஞாபகம், சிந்தனை குறையும் வேகம் பாதியளவு தணிந்தது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவையும் மறதிபோல் வேஷம் போடும். சாதாரண இரத்தப் பரிசோதனையும் ஒரு டாக்டரின் பொறுமையும் போதும், கண்டுபிடிக்க.

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருப்பதாக 2023இல் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது. இத்தனை பேரின் பிள்ளைகள் கவலையோடு இருக்கும்போது, கருவி விற்பவர்கள் வரத்தான் செய்வார்கள். வருகிறவரிடம், இந்தக் கருவி எந்த நோய்க்கு அனுமதி பெற்றது, என் அம்மாவைப் போன்றவர்களிடம் சோதித்தார்களா, பேஸ்மேக்கரோ வலிப்போ இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் நம்மிடம் பணம் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களுக்குக் காது பரிசோதனை முகாம் ஒன்றை அந்த நிறுவனத்தாரைக் கேட்டு ஏற்பாடு செய்யலாம். மறதிப் பரிசோதனைக்குப் போகிறவர்களோடு தமிழும் கன்னடமும் அறிந்த ஒருவர் துணைக்குப் போகலாம். அதற்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நண்பர் தன் தாயாரை அடுத்த வாரம் மானசகங்கோத்ரிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்கத் தம்பியைச் சமாளிப்பதுதான் கஷ்டமாம்.